பெயரில்லாத கட்டங்கள்

மகன்,

ஞாயிற்றுக்கிழமை சேமக்காலையில் அப்பாவின் கல்லறைக்குப் போய்த் திரும்பி வரும்போது நீ ஷாமினியிடம் சொன்னதைப் பின்சீட்டில் இருந்து நான் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். நான் நித்திரை என்று நினைத்திருப்பாய். கண் தெரியாதவள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெல்பேர்ணில் கிடைத்திருக்கும் கம்பனியிலும் இதே வேலையைத்தான் தரப்போகிறார்கள், வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதப்போகிறேன் என்றாய். ஷாமினி ஏன் என்று கேட்டாள். "அந்த வேலையத் தொட்டாலே அப்பாட முகம்தான் முன்னுக்கு வருது. என்னால ஏலாது" என்றாய். கொட்டாஞ்சேனை வரும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, நீ போன பிறகு என் காரியங்களை யார் யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். மருந்து வாங்க ஒருவர், பாங்குக்கு ஒருவர், ஒன்லைனில் நிரப்ப வேண்டியது ஏதும் வந்தால் கீழ்வீட்டு பரீனா டீச்சர். டீச்சரும் வந்து, "நான் இருக்கேன்தானே, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வாணாம்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷி. அவர் முன்னால் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் நேரே சொல்லவும் எனக்கு வரவில்லை. சொல்லத் தொடங்கினால் அழுவேன், நீயும் அழுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். கொழும்புக் கோட்டையில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் தமிழும் இங்கிலீஷும் தட்டெழுதிய விரல்கள் இவை. கண் போனாலும் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பதை அவை மறக்கவில்லை. நான் எழுதும் ஒவ்வொரு வரியையும், நீ லெப்டொப்பில் எனக்குப் போட்டுத் தந்த அந்தக் குரல் திருப்பி வாசித்துச் சொல்கிறது. திரையில் இருப்பதையெல்லாம் வாசிக்கும் அந்தக் குரல்தான் இப்போது இந்த வீட்டில் என்னோடு அதிகமாகக் கதைப்பது.

நாங்கள் அந்த விண்ணப்பத்தோடு போராடிய பின்னேரத்தை நினைத்துத்தான் நீ இந்த வேலையை விடப் பார்க்கிறாய். ஆனால் அந்தப் பின்னேரத்தின் கடைசிப் பகுதியை மட்டுமே நீ கண்டாய். முழுவதும் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடு.

உன் அப்பாவின் குரல் எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. துறைமுகத்தில் கிரேன் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திச் சாமான் கணக்கெடுத்த மனிதர். வீட்டில் இரகசியம் சொன்னாலும் கீழ்வீட்டுக்குக் கேட்கும். கண் அழுத்த நோயில் எனக்குப் பார்வை முழுதாகப் போன பிறகு அந்தக் குரல்தான் எனக்கு உலகம். காலையில் பேப்பரை எடுத்து மரண அறிவித்தல்களில் தொடங்கி வாசிப்பார். தெரிந்த பெயர் வந்தால் நிறுத்தி, அந்த ஆளைப் பற்றிக் கால்மணி நேரம் கதைப்பார். ஏதாவது விண்ணப்பம் வந்தால் அவர் கேள்வியை வாசிக்க நான் பதில் சொல்லுவேன். அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவார். "நீ டைப்பிஸ்ட், நான் குத்துறன்" என்று சிரிப்பார். எனக்கு அது குறையாகத் தெரிந்ததே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையாகத்தான் இருந்தது.

பாரிசவாதம் வந்த காலையில் அவர் குளியலறையில் விழுந்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன. சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது, நினைப்பதெல்லாம் அவருக்குள் இருந்தது, சொல்தான் வெளியே வரவில்லை. பிறகு அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். நீயும் ஷாமினியும் பாமன்கடையில் உங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். எனக்குப் பார்வை இல்லை, அவருக்குப் பேச்சு இல்லை. ஒரே மேசையில் இருந்துகொண்டு அவர் அங்கே இருக்கிறாரா என்று கையை நீட்டித் தடவிப் பார்ப்பேன். முன்பெல்லாம் அவர் கொல்லைப்புறத்தில் நின்றாலும் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். இப்போது அவர் ஊன்றி நடக்கும் பொல்லின் ரப்பர் நுனி தரையில் படும் சத்தத்தையும் மூச்சையும் வைத்துத்தான் தேடினேன். ஒருநாள் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டபோது என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். இன்னொரு கேள்விக்கு இரண்டு முறை அழுத்தினார். ஒருமுறை என்றால் ஓம், இரண்டு முறை என்றால் இல்லை. அப்படித்தான் நாங்கள் மறுபடி கதைக்கத் தொடங்கினோம். நான் கேள்வியை எப்படிக் கேட்பது என்று பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. "என்ன வேணும்" என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. "தண்ணியா" என்று கேட்டால் பதில் இருந்தது.

டொக்டர் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். கதைக்கப் பழக்குவதென்றால் உடனே தொடங்க வேண்டும், முதல் மாதங்கள்தான் முக்கியம் என்றார். அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்குக் கொஞ்சப் பேரைத்தான் எடுப்பார்கள். விண்ணப்பம் ஒன்லைனில் மட்டும். கிளினிக்கிலிருந்து என் போனுக்கு லிங்க் வந்தபோது முடிவு நாள் அடுத்த நாள் பின்னேரமாக இருந்தது. நீ ஒஃபிஸ் வேலையாகக் கண்டியில் இருந்தாய். பரீனா டீச்சர் கிருலப்பனையில் மகள் வீட்டில். உன்னை அழைத்துச் சொல்லியிருக்கலாம். பிறகு நீ கேட்டதும் அதுதான், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று. சொல்லாததற்குக் காரணம் இருந்தது மகன். அந்த மாதம் முழுவதும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து, லீவு எடுத்து எடுத்து, உன் குரலே மாறியிருந்தது. இந்த ஒன்றையாவது நான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

நான் முதலில் போனது சந்தியில் போன், இன்டர்நெட் வேலைகள் செய்து தரும் கொமியுனிக்கேஷன் கடைக்கு. அதை உனக்கு நான் சொல்லவே இல்லை. வீட்டில் தனியே விட்டுப் போகப் பயமாக இருந்ததால் அப்பாவையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். போட்டோகொப்பி எடுக்க ஆட்கள் நின்றார்கள். கடைக்காரர் எங்களுக்குக் கதிரை போட்டுத் தந்து, அந்த விண்ணப்பத்தைத் திறந்து, கேள்விகளை வாசிக்கத் தொடங்கினார். பெயர், வயது, விலாசம். அது சரி. பிறகு அவருடைய நோய் வருத்தத்தைப் பற்றிய கேள்விகள் வந்தன. மெஷின் சத்தத்துக்கு மேலால் அவரும் கத்திக் கேட்டார். "அன்ரி, அங்கிள் பாத்ரூமுக்குத் தானாப் போறாரா? இல்லாட்டி உடுப்போட போயிருதா? இதுக்குப் பதில் போடாம அடுத்ததுக்கு விடுதில்ல."

எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "இது எங்கட ஹார்பர் அண்ணன்தானே?" என்று மெல்லக் கேட்டது காதில் விழுந்தது. அப்பாவோடு வேலை செய்த யாரோ. பொல்லு தரையில் ஓங்கிக் குத்தப்பட்ட சத்தம் கேட்டது. அப்பா என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அந்தக் கடைக்காரரில் ஒரு பிழையும் இல்லை, அவர் திரையில் இருந்ததைத்தான் வாசித்தார். ஆனால் உன் அப்பா வெளியே வந்து ஓட்டோவில் மற்ற ஓரத்துக்குத் தள்ளி அமர்ந்தார். வீடு வரும்வரை என் கையை அவர் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் லெப்டொப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். "இஞ்சேருங்க, வாங்க. நாங்க ரெண்டு பேருமே நிரப்புவம். ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்ல" என்றேன். பிறகு கதிரை இழுபட்டது. பக்கத்தில் வந்து அமர்ந்து, தன் இடது கையை என் கையின் மேல் வைத்தார்.

குரல் வாசிக்கத் தொடங்கியது. "எடிட், பிளாங்க்" என்றது. எழுதலாம், வெறுமையாக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த கட்டத்துக்குப் போனேன். "எடிட், பிளாங்க்." அதற்கடுத்ததும் அதேதான். எந்தக் கட்டத்துக்கும் பெயர் இல்லை. எங்கே பெயர் எழுதுவது, எங்கே விலாசம் எழுதுவது என்று அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. பார்க்கிற ஆளுக்குக் கட்டத்துக்கு மேலே எழுதியிருப்பது தெரியும். அப்பாவுக்கு அது தெரிந்தது. அவருக்குத் தெரிந்தது எனக்கு வேண்டியிருந்தது.

"இது பேரா?" என்று கேட்டேன். ஒருமுறை அழுத்தினார். எழுதினேன். "அடுத்தது விலாசமா?" இரண்டு முறை அழுத்தினார். "போன் நம்பரா? ஐடி நம்பரா?" ஒருமுறை. அப்படியே போனோம். வருத்தத்தைப் பற்றிய கேள்விகள் வந்ததும் நான் ஊகித்து ஊகித்துக் கேட்டேன். முதல் நாள் கடையில் கேட்ட அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும், அவருடைய கை அசையாமல் நின்றது. "பாத்ரூம் விசயமா?" என்று காதோடு கேட்டேன். ஒருமுறை அழுத்தினார். பதிலை எழுதிவிட்டு ஒன்றும் கதைக்காமல் அடுத்ததற்குப் போனேன். பிறகு ஒரு கட்டத்தில், "இது உங்கட மனிசிட பேரா? வடிவான மனிசி எண்டு போடவா?" என்றேன். அவருடைய தோள் குலுங்கியது. சத்தம் இல்லாமல் சிரித்தார். மகன், நீ அந்தப் பின்னேரத்தைக் கெட்டதாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறாய். பாரிசவாதம் வந்த பிறகு நானும் அவரும் மிக அதிகம் கதைத்தது அந்த மேசையில்தான். முன்பு போல ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதினோம். கை மட்டும்தான் மாறியிருந்தது.

பிறந்த திகதி வந்தபோது வேகம் குறைந்தது. அதை எழுத முடியாது, திரையில் விரியும் கலண்டரில் மவுஸால் தொட வேண்டும் என்பதை நான் கண்டுபிடிக்கவே வெகு நேரம் போயிற்று. அப்பா மவுஸை இடது கையால் பிடித்து, வருடங்களைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, எப்படியோ தொட்டுவிட்டார். அவருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் ஒரு படம் வந்தது. "கிராஃபிக்" என்றது குரல், வேறொன்றும் சொல்லவில்லை. கோணல் மாணலாகக் கிடக்கும் சில எழுத்துகளைப் பார்த்து எழுத வேண்டும், மனிதர்தானா என்று பார்க்க அப்படி வைப்பார்கள் என்று பிறகு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு எழுத்துகள் தெரிந்தன. அவற்றைச் சொல்ல அவருக்கு வாய் இல்லை. என் உள்ளங்கையை விரித்து விரலால் எழுதிக் காட்டினார். ஆனால் அந்த வருத்தம் எழுத்தையும் குழப்பிவிடுமாம், அப்போது எனக்கு அது தெரியாது. அவர் எழுதியதை நான் தட்டினேன். பிழை. நிரப்பிய கட்டங்கள் எல்லாம் வெறுமையாகிவிட்டன. "எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க்."

மறுபடி தொடங்கினோம். அவருடைய கை களைத்துவிட்டது, எப்போது அழுத்துகிறார், எப்போது அழுத்தவில்லை என்றே எனக்குத் தெரியவில்லை. மறுபடி கடைசி வரை வந்தோம். இந்த முறை எழுத்துகள் சரியாக இருந்திருக்க வேண்டும், கட்டங்கள் அழியவில்லை. அனுப்பும் பட்டனை அழுத்தினேன். "பட்டன்" என்றது குரல். மறுபடி அழுத்தினேன். "பட்டன்." போனதா, போகவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒரு கட்டத்தில் பிழை என்று சிவப்பில் எழுதியிருந்ததாம். குரலுக்குச் சிவப்பு தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் என் கையைப் பிடித்து இழுத்துத் திரையில் வைத்தார். திரை என் விரலுக்கு வெறும் கண்ணாடி. "தி... தி..." என்று தொண்டையிலிருந்து சொல்லாகாத ஒரு சத்தம் வந்தது. என் விரலை எடுத்து அதே இடத்தில் மறுபடி மறுபடி குத்தினார், எனக்கு நொந்தது. அப்போதுதான் நான் கத்தினேன்.

"என்னெண்டு சொல்லுங்களேன். சொன்னாத்தானே எனக்குத் தெரியும்."

சொல்ல முடியாத மனிதரிடம் சொல்லச் சொல்லிக் கத்தினேன். கை விலகியது. கதிரை இழுபட்டது. பொல்லின் சத்தம் அறைப் பக்கம் போய் நின்றது. நான் பின்னால் போகவில்லை. ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அங்கேயே இருந்து அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். கோபம் அவரில் இல்லை. ஆனால் கேட்டது அவருக்குத்தான்.

மீதியை நீ கண்டாய். நீ கண்டியிலிருந்து நேரே எங்களிடம் வந்து, சப்பாத்தைக் கழற்றி, "என்னம்மா, முகமெல்லாம் வீங்கியிருக்கு" என்று கேட்டாய். நான் சொன்னேன். "சரி விடுங்க, நான் பாக்கிறன்" என்று கதிரையில் இருந்தாய். பிறகு நீ கதிரையைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. என்ன மகன் என்று கேட்டேன். நீ சொன்ன அந்த வரியும் அதைச் சொன்ன விதமும் இன்னும் என் காதில் இருக்கின்றன.

"இது நான் செஞ்ச ஃபோம், அம்மா."

அந்த ஆஸ்பத்திரிக்கு உன் ஒஃபிஸ் செய்து கொடுத்ததாம். வீட்டு நம்பர் எழுதும் கட்டத்தில்தான் பிழை. கேத்தலில் தண்ணீர் கொதிக்குமுன் அதைத் திருத்தி அனுப்பினாய், நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துச் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மன்றாடினாய். அடுத்த குழுவில்தான் எடுக்கலாம், அது டிசம்பரில் நத்தார் பண்டிகைக்குப் பிறகு என்றார்கள். நீ போனை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்தாய். பொல்லின் சத்தம் அறையிலிருந்து வந்து உன் பக்கத்தில் நின்றது. அப்பா உன் தலையில் கை வைத்தார் என்று பிறகு நீயே சொன்னாய். நான் கத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையை ஒருமுறை அழுத்தினார். அதோடு அவருக்கு அது முடிந்துவிட்டது. உனக்கும் எனக்கும்தான் முடியவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை நீ உன்னுடைய லெப்டொப்போடு வந்தாய். திரையின் மேல் துவாயைப் போட்டு மூடிவிட்டு, நீ செய்த விண்ணப்பத்தைக் காதால் மட்டும் கேட்டு நிரப்பப் பார்த்தாய். இரண்டாவது கட்டத்திலேயே வழி தெரியாமல் நின்று, "இப்ப நான் எங்க நிக்கிறன்?" என்று கேட்டாய். அப்பாவிடமிருந்து புரையேறியதுபோல ஒரு சத்தம் வந்தது. பயந்து நான் எழுந்தேன். "இல்லம்மா, அப்பா சிரிக்கிறார்" என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள். நீ திருத்திக்கொண்டு வருவாய், நான் நிரப்பிப் பார்ப்பேன், அப்பா பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வைத்தாய், அந்தப் பெயரைக் குரல் வாசித்தது. பிறந்த திகதியை விரலால் எழுத விட்டாய். பிழை வந்தால் எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்று குரல் சொல்லி, என்னை அந்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டது. ஒன்று பிழைத்தால் மற்றதெல்லாம் அழிவதை நிறுத்தினாய். அந்தக் கோணல் எழுத்துப் படத்தை எடுத்துவிட்டாய். அனுப்பியதும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்ல வைத்தாய். கேட்டால் சின்னச் சின்ன விசயங்கள். அவை இல்லாதபோது நான் எங்கே நின்றேன் என்பதை நீ கண்டிருக்கிறாய்.

ஒரு சனிக்கிழமை சாப்பிடும்போது நீ கோபமாக இருந்தாய். இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கிறாய், கண் தெரியாத எத்தனை பேர் இதை நிரப்பப்போகிறார்கள் என்று உன் ஒஃபிஸில் ஒருவர் கேட்டாராம். "என்ன பதில் சொல்றது எண்டு தெரியாம வந்துட்டன்" என்றாய். பிறகு நீ, "அப்பா உங்களக் காட்டுறார் அம்மா. ஒரு விரல நீட்டி உங்களக் காட்டுறார்" என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

நத்தாருக்குப் பிறகு பயிற்சி தொடங்கியது. சொல்லித் தந்த பிள்ளை நல்ல பொறுமைசாலி. முதலில் "தேத்தண்ணி" வந்தது. பிறகு "போதும்" வந்தது. உன்னை "மகன்" என்று கூப்பிட்ட நாளில் நீ அலுவலகத்திலிருந்து பாதியில் ஓடி வந்து, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாய். என் பெயரைச் சொல்லத்தான் அவருக்கு ஆசை என்று அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னாள். நீளமான பெயர், கஷ்டம். முதல் எழுத்து வரை வந்துவிட்டார். ஒவ்வொரு காலையும் அந்த எழுத்தைச் சொல்லிவிட்டு, மீதியைத் தேடி மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பார். நான் காத்துக்கொண்டு இருப்பேன். இரண்டாவது முறை பாரிசவாதம் வந்தபோதும் அந்த எழுத்தோடுதான் இருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசியில் என் கையை அழுத்தினாரா, அது வெறும் துடிப்பா என்று எனக்குத் தெரியாது. நான் அவரிடம் கேள்வி ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

அந்த மாதங்கள் போனதால் ஒன்றும் நட்டமில்லை என்று உனக்கு ஆறுதல் சொல்ல என்னால் முடியாது மகன். சொன்னால் நீ நம்பவும் மாட்டாய். முன்பே தொடங்கியிருந்தால் என் பெயர் முழுதாக வந்திருக்குமோ என்று நான் நினைக்காத நாள் இல்லை. வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம், டொக்டருக்கே தெரியவில்லை. இதில் உன் பங்கு இருக்கிறது. அதை நீ சுமக்கத்தான் வேண்டும், நானும் கூடச் சுமக்கிறேன். ஆனால் அந்தச் சுமையை இறக்கி வைக்க இந்த வேலையை விட்டு ஓடினால், உன் இடத்தில் வந்து அமர்கிறவன் யார்? துவாயால் திரையை மூடிக்கொண்டு இருந்து பார்க்காதவன் ஒருவன். உனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது. பாவம் பார்த்து இதைச் செய் என்று நான் சொல்லவில்லை. பாவம் பார்த்துச் செய்கிறவர்கள் எனக்காக நிரப்பித் தருவார்கள், நான் நிரப்ப வழி விடமாட்டார்கள்.

உனக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்திருந்தவர்கள் எல்லாம் போய், நீயும் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு காலையில், அதே ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்கிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. நோயாளரின் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், இந்த லிங்கில் நிரப்புங்கள் என்று. பரீனா டீச்சர் வீட்டில்தான் இருந்தார். கூப்பிட்டால் வந்திருப்பார். நான் கூப்பிடவில்லை. லெப்டொப்பைத் திறந்தேன்.

"முழுப் பெயர்" என்றது குரல். தமிழில் சொன்னது. எழுதினேன். "விலாசம்" என்றது. "தொலைபேசி இலக்கம்" என்றது. பெயரை எழுதியதும் மற்றக் கட்டங்களில் என் பழைய விவரங்கள் வந்துவிட்டன, சரியா என்று கேட்டுப் பார்த்து அப்படியே விட்டுக்கொண்டு வந்தேன். கேட்ட உடனேயே தெரிந்துவிட்டது, இது உன் கைவேலை. பிறகு அது, "திருமண நிலை. தற்போதைய தெரிவு, திருமணமானவர்" என்றது.

என் விரல் நின்றுவிட்டது. சாவு வீட்டில் எத்தனையோ பேர் வந்தார்கள், எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள். ஒருவரும் என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நானும் சொல்லிப் பார்க்கவில்லை. விரலை அம்புக்குறி விசையில் வைத்தேன். கீழே ஒருமுறை அழுத்தினேன். "கணவனை இழந்தவர்" என்றது. மேலே போனேன். "திருமணமானவர்." கீழே வந்தேன். மறுபடி மேலே போனேன். எவ்வளவு நேரம் அப்படிப் போய் வந்தேன் என்று தெரியாது. கடைசியில் மேலேயே நின்று, கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். கொமியுனிக்கேஷன் கடையில் அழவில்லை, சேமக்காலையில் ஆட்களுக்கு முன்னால் சரியாக அழவில்லை, இங்கே அழுதேன். டீச்சர் பக்கத்தில் இருந்திருந்தால் அவரே அதை மாற்றிவிட்டு, மெல்ல அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். நல்ல மனதோடுதான் செய்திருப்பார். எனக்கு அப்படி ஒரு கணம் இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

அப்போது அந்தக் குரல் கேட்டது. "உங்களுக்கு மேலும் நேரம் தேவையா?"

நீ அதை அங்கே எப்போது வைத்தாய் என்று எனக்குத் தெரியாது. யாராவது பாதியில் நின்றுபோனால் விண்ணப்பம் மூடிவிடாமல் இருக்க வைத்திருப்பாய். ஆனால் அந்த வீட்டில், அந்தக் காலையில், அப்படி ஒரு கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. "ஆம்" என்ற பட்டனில் அழுத்தினேன். எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவினேன். தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். ஆறுதலாகத் திரும்பி வந்து அமர்ந்து, கீழே ஒருமுறை அழுத்தினேன்.